வணிகர் துறையில் ஒரு தமிழ்க் கடிதம்

(தொலைக்காட்சி அரங்கில் ‘நான் கண்ட நகரம்’ என்ற தலைப்பில், கெடாவைச் சேர்ந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

எனக்கு முன் பேசிய நண்பர்கள் லண்டனையும் பாரிசையும் சுற்றிக் காட்டினார்கள். நான் சொல்லப்போவது நம்மவர்கள் அதிகம் போகாத ஊர். டென்மார்க்கின் தலைநகரம் கோபன்ஹேகன். 2023ஆம் ஆண்டு கோடையில் மகளைப் பார்க்கப் போய்ப் பத்து நாள் அங்கே இருந்தேன். கோடை என்று சொன்னார்கள். எனக்கு என்னவோ குளிர்ச்சட்டையைக் கழற்ற மனம் வரவில்லை.

எல்லாரும் போய்ப் பார்க்கிற கடற்கன்னி சிலையை நானும் பார்த்தேன். 1913இல் வைத்தது. இவ்வளவு சின்னதா என்றுதான் தோன்றியது. நம் தோட்டத்து முனியாண்டி சாமி அதைவிட உயரம். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

ஆனால் அந்த ஊரின் பெயர் என்னை நிறுத்தியது. பழைய டேனிஷ் மொழியில் அதற்கு ‘வணிகர் துறை’ என்று பொருள். 1167ஆம் ஆண்டளவில் அப்சலோன் என்ற பாதிரியார் அங்கே ஒரு கோட்டை கட்டினார். அதற்கு முன் அது மீன்பிடி ஊர். பிறகு கப்பல் வந்தது, வியாபாரம் வந்தது, அரசன் வந்தான். நம் பழைய கடற்கரை ஊர்களுக்குப் ‘பட்டினம்’ என்று பெயர் வந்த கதையும் ஏறக்குறைய இதுதான்.

வந்த மூன்றாம் நாள் அங்கே ஓர் அருங்காட்சியகத்துக்குப் போனோம். வாசலில் இருந்த ஒரு மூதாட்டி எந்த ஊர் என்று கேட்டார். மலேசியா என்றேன். முகத்தைப் பார்த்துவிட்டு, மூதாதையர் எங்கிருந்து போனவர்கள் என்று மறுபடி கேட்டார். தமிழ்நாடு, காரைக்கால் பக்கம் என்றேன். உடனே அவர் சொன்ன ஒரே சொல் ‘டிராங்கேபார்’.

எனக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. தரங்கம்பாடியைத்தான் அப்படிச் சொல்கிறார். என் தாத்தா பிறந்த கிராமத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஊர். 1928இல் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, பினாங்கு ஜெரஜாக் தீவில் கொரன்டின் இருந்து, கங்காணி பின்னால் கெடா தோட்டத்துக்கு வந்தவர் அவர். சாகும்வரை ஊரைப் பற்றிப் பேசுவார். வயல், வாய்க்கால், மாரியம்மன் திருவிழா எல்லாம் சொல்வார். டென்மார்க்காரனைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாத கதை, கோபன்ஹேகனில் அந்த அம்மாளுக்குத் தெரிந்திருந்தது. வெட்கமாகத்தான் இருந்தது.

இலங்கைக்குப் போன கப்பல்

அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

டென்மார்க்கை 1588 முதல் 1648 வரை ஆண்டவர் நான்காம் கிறிஸ்தியான். கட்டடம் கட்டுவதில் பெரிய ஆசை உள்ளவர். ஒல்லாந்துக்காரனும் ஆங்கிலேயனும் கிழக்கே போய்ப் பணம் பண்ணுவதைப் பார்த்து 1616இல் இவரும் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கினார். அப்போது போஷோவர் என்ற ஒல்லாந்துக்காரர் கோபன்ஹேகன் வந்து, கண்டி அரசரின் தூதர் நான், போர்ச்சுகீசியரை விரட்ட உதவினால் இலங்கை வியாபாரம் முழுக்க உங்களுக்குத்தான் என்று சொன்னார். மன்னர் நம்பினார்.

1618 நவம்பரில் கப்பல்கள் கிளம்பின. தலைவர் ஓவே யெடே. இருபத்து நான்கு வயதுகூட நிரம்பாத இளைஞர். இலங்கை போய்ச் சேர 1620 ஆகிவிட்டது. வழியில் ஏறியவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் செத்துப் போனார்கள். அந்தப் போஷோவரும் போய்ச் சேரவில்லை, நடுவழியிலேயே முடிந்துவிட்டார். கண்டி அரசரோ, இப்படி ஓர் ஒப்பந்தத்தை நான் ஏற்க முடியாது என்று கைவிரித்துவிட்டார்.

இதற்கிடையில் முன்னால் அனுப்பப்பட்ட ஒரு கப்பலைக் காரைக்கால் கடலோரத்தில் போர்ச்சுகீசியர் தாக்கி அழித்தார்கள். அதில் இருந்த ரோலண்ட் கிராப்பே என்பவர், உயிர் பிழைத்த சிலரோடு கரையேறித் தஞ்சாவூருக்குப் போய்ச் சேர்ந்தார். அப்போது தஞ்சையை ஆண்டவர் இரகுநாத நாயக்கர். கவிஞர், இசை தெரிந்தவர், அதோடு கணக்கும் தெரிந்தவர். போர்ச்சுகீசியன் ஒருவனை மட்டும் நம்பிக் கடற்கரையை விட்டுவைப்பதைவிட இன்னொருவனையும் கொண்டுவந்து வைப்பது நல்லது என்பது அவர் கணக்கு. 1620 நவம்பரில் ஒப்பந்தம் முடிந்தது. தரங்கம்பாடியில் கோட்டை கட்டிக் கொள்ளலாம், வியாபாரம் செய்யலாம், ஆண்டுதோறும் கப்பம் கட்ட வேண்டும்.

ஆக, கண்டியை நம்பி ஏமாந்தவர்களுக்குத் தஞ்சாவூர் தந்த ஆறுதல்தான் தரங்கம்பாடி.

அந்தச் சமயம் இரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னருக்கு ஒரு கடிதம் அனுப்பினார். தங்கத் தகட்டில் பொறித்த கடிதம். எழுதிய மொழி தமிழ், கையொப்பம் தெலுங்கு. கோபன்ஹேகனில் உள்ள டென்மார்க் தேசிய ஆவணக் காப்பகத்தின் சொத்து அது. நான் மூலத்தை நேரில் பார்க்கவில்லை, படத்தில்தான் பார்த்தேன். பார்த்தபோது எனக்குள் என்ன ஓடியது என்று மறைக்காமல் சொல்கிறேன். பள்ளியில் படிக்கும்போது, நீங்கள் கப்பலில் கூலியாக வந்தவர்கள்தானே என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கேலியாகக் கேட்டவர்களும் உண்டு, பரிதாபமாகச் சொன்னவர்களும் உண்டு. அதே கரையிலிருந்து, அதே மொழியில், ஓர் ஐரோப்பிய மன்னனுக்குச் சமமாக உட்கார்ந்து எழுதிய கடிதம் இங்கே இருக்கிறது.

அன்று இரவு முழுக்க அந்தப் பெருமிதம் இருந்தது. மறுநாள் காலை கொஞ்சம் தெளிந்தது. அந்தக் கடிதம் அனுப்பியவர் அரசர். என் தாத்தாவின் தாத்தாக்கள் அப்போது அதே தஞ்சாவூர் வயலில் சேற்றில் நின்றிருப்பார்கள். தங்கத் தகடு அவர்களுக்கு எழுதப்பட்டதும் அல்ல, அவர்களைக் கேட்டு எழுதப்பட்டதும் அல்ல. நாம் பெருமைப்படலாம், அன்பர்களே. ஆனால் யாருடைய பெருமை என்று ஒரு தடவை பார்த்துக் கொள்வது நல்லது.

கப்பல் வராத முப்பது ஆண்டு

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அரசர்களைப் பற்றியது அல்ல.

தொடங்கிய சில ஆண்டுகளிலேயே கம்பெனி நொடித்துவிட்டது. ஐரோப்பாவில் போர், கையில் காசில்லை. 1639க்குப் பிறகு கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் கோபன்ஹேகனிலிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு கப்பல்கூட வரவில்லை. 1650இல் கம்பெனியையே கலைத்துவிட்டார்கள். கோட்டையில் இருந்தவர்களுக்கு அதைச் சொல்லவும் ஆளில்லை. ஒவ்வொருவராகச் செத்தார்கள். கடைசியில் எஸ்கில்ட் கோங்ஸ்பாக்கே என்ற சாதாரணக் குடும்பத்து மனிதர் பொறுப்பில் நின்றார். உள்ளூர் ஆட்களைத் துணைக்கு வைத்துக் கொண்டு, ஊரைச் சுற்றி அரண் எழுப்பி, வங்காளக் கப்பல்களைப் பிடித்து, கிடைத்த வியாபாரத்தைச் செய்து அந்தக் கொடியை இறக்காமல் வைத்திருந்தார். 1669இல் ‘ஃபேரோ’ என்ற கப்பல் வந்து நின்றபோதுதான் நாட்டில் தங்களை இன்னும் நினைத்திருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்தது.

கெடா தோட்டத்துப் பெரியவர்களுக்கு இது புரியும். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் வந்ததும் கப்பல் நின்றது. ஊர்க் கடிதம் நின்றது. வெள்ளைக்காரத் துரை சொல்லிக் கொள்ளாமல் போய்விட்டான். பால்மரத்தை வெட்டி மரவள்ளி நட்டுத் தின்றார்கள். ஆண்பிள்ளைகளைச் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துப் போனார்கள். நம்மை யாராவது நினைத்திருக்கிறார்களா என்ற அதே கேள்விதான். கோங்ஸ்பாக்கேயின் பெயர் டென்மார்க் வரலாற்றில் எழுதப்பட்டிருக்கிறது. சயாமிலிருந்து திரும்பாத எங்கள் தோட்டத்து ஆட்களின் பெயரை நான் எங்கே போய்த் தேடுவது?

அதற்குப் பிறகு நடந்தது பலருக்கும் தெரியும். 1706 ஜூலையில் சீகன்பால்கு வந்தார். அனுப்பியவர் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக். வந்தவரோ ஜெர்மானியர். சின்னப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து தமிழ் படித்தார் என்பார்கள். தரங்கம்பாடியில் அச்சகம் அமைத்தார். தமிழில் முதல் அச்சு இதுதான் என்று மேடைகளில் சொல்கிறார்கள். அது சரியல்ல. 1578இலேயே கொல்லத்தில் தமிழ் நூல் அச்சாகிவிட்டது. சீகன்பால்கு செய்தது நின்று போயிருந்த வேலையை மறுபடி தொடங்கியது. அதுவே பெரிய காரியம்தான். கூட்டிச் சொல்லத் தேவையில்லை. அவரைச் சிறையில் நான்கு மாதம் போட்டவர்களும் அதே கோட்டையில் இருந்த டேனிஷ் அதிகாரிகளே. 1845இல் தரங்கம்பாடியையும் வங்காளத்து சேரம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள்.

நம் பக்கத்துக் கடல்

இப்போது கெடாவுக்கு வருகிறேன். கோபன்ஹேகனுக்கும் கெடாவுக்கும் என்ன தொடர்பு என்று அவைத் தலைவர் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

வரைபடத்தில் தரங்கம்பாடிக் கடற்கரையில் ஒரு விரலை வையுங்கள். சற்று வடக்கே காவிரிப்பூம்பட்டினம், தெற்கே நாகப்பட்டினம். அங்கிருந்து கிழக்கே கோடு இழுத்தால் நிக்கோபார்த் தீவுகள் வரும். அந்தத் தீவுகளையும் 1756இல் டென்மார்க்காரன் தனது என்று சொல்லிக் கொண்டான். காய்ச்சலில் ஆள் ஆளாகச் செத்து, 1868இல் அதையும் விற்றான். நிக்கோபாரைத் தாண்டிக் கிழக்கே வந்தால் கடலிலிருந்தே முதலில் தெரிவது நம் குனோங் ஜெராய். 1,217 மீட்டர் உயரம். அதன் அடிவாரத்தில் மெர்போக் ஆறு, மூடா ஆறு, பூஜாங் பள்ளத்தாக்கு. பழைய கடாரத் துறைமுகம் அங்கேதான்.

பட்டினப்பாலையில் பூம்புகார் கடைத்தெருவுக்கு வந்து இறங்கிய சரக்குகளில் காழகத்துப் பொருளும் சொல்லப்படுகிறது. காழகம் என்பது கடாரம் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் எழுதினார். ஐந்தாம் நூற்றாண்டில் புத்தகுப்தன் என்ற மாலுமித் தலைவன் தன் பயணம் நல்லபடி முடிய வேண்டிப் பொறித்து வைத்த கல்லை 1834இல் ஜேம்ஸ் லோ செபராங் பிறையில் கண்டெடுத்தார். அந்தக் கல் கல்கத்தாவுக்குப் போய்விட்டது. இராஜராஜ சோழன் காலத்தில் கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரை கட்டினார். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைச் சோழன் தானமாகக் கொடுத்தான். அந்தச் செய்தி பொறித்த செப்பேடுகள் 1862இல் ஒல்லாந்து நாட்டு லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அதனால்தான் அவற்றுக்கு லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் வந்தது.

அதற்குப் பிறகு 1025இல் இராஜேந்திரன் படை வந்தது. ‘கடாரம் கொண்டான்’ என்று நாம் மார்தட்டுகிறோம். நானும் மாணவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். ஒரு நாள் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, சார், நாம் இருப்பது கடாரத்தில்தானே, அப்படியென்றால் நாம் கொண்டவர்களா, கொள்ளப்பட்டவர்களா என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. மணி அடித்தது, தப்பித்தேன். கப்பல் ஏறி வந்து விகாரை கட்டியதும் அதே கடல் வழி. படையோடு வந்ததும் அதே வழி. பிறகு நாகூர், பரங்கிப்பேட்டை மரக்காயர்கள் துணி கொண்டுவந்து இறக்கி, கெடாவிலிருந்து ஈயமும் யானையும் ஏற்றிப் போனதும் அதே வழி. தரங்கம்பாடியிலிருந்து கிளம்பிய சரக்குக் கப்பல்களும் அச்சே, கெடா என்று இந்தத் துறைகளுக்கு வந்து போயின. கடைசியில் கங்காணியின் பின்னால் என் தாத்தா வந்ததும் அந்த வழியேதான்.

எரிந்ததும் இடிந்ததும்

கோபன்ஹேகனில் நான் அதிக நேரம் நின்று பார்த்த கட்டடம் பழைய பங்குச் சந்தை. போர்சன் என்பார்கள். தரங்கம்பாடிக்குக் கப்பல் அனுப்பிய அதே நான்காம் கிறிஸ்தியான், அதே காலத்தில் கட்டியது. கப்பல்கள் பக்கத்திலேயே வந்து சரக்கு இறக்கும்படி நீரோரத்தில் அமைத்தார்கள். கோபுர உச்சியில் நான்கு டிராகன்கள் வாலை முறுக்கிக் கொண்டு மேலே போகும். நம் ஊர்ச் சிற்பி செய்தது போல இருக்கும்.

நான் திரும்பி வந்த மறு ஆண்டு, 2024 ஏப்ரல் 16ஆம் தேதி, சுங்கை பட்டாணியில் வீட்டில் உட்கார்ந்து செய்தி பார்க்கிறேன். அந்தக் கோபுரம் எரிந்து சாய்கிறது. பழுதுபார்ப்பு வேலை நடந்து கொண்டிருந்த சமயம். தீ எரிய எரிய ஊழியர்கள், தீயணைப்பு வீரர்கள், தெருவில் போனவர்கள்கூட உள்ளே போய்ப் பழைய ஓவியங்களைத் தோளில் தூக்கிக் கொண்டு வெளியே ஓடி வருகிறார்கள். ஒரு பெரிய படத்தை நாலைந்து பேர் சேர்ந்து பிடித்துக் கொண்டு வந்தார்கள்.

அதைப் பார்த்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது 2013. பூஜாங் பள்ளத்தாக்கில், சுங்கை பத்து தோட்டப் பகுதியில், 11ஆம் எண் சண்டி என்று குறிக்கப்பட்ட பழைய கோயில் அடித்தளம் இருந்தது. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது என்று மதிப்பிடப்பட்ட இடம். வீடமைப்புத் திட்டத்துக்காக நிலத்தைச் சமப்படுத்தியபோது அதையும் தரைமட்டமாக்கிவிட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில்தான் செய்தி வெளியே வந்தது. கெடா வரலாற்றைப் பற்றி எழுதிய வழக்கறிஞர் டத்தோ வி. நடராஜன் போன்றவர்கள் குரல் எழுப்பினார்கள். தனியார் நிலம், அரசிதழில் பதிவாகாத இடம் என்று விளக்கம் வந்தது. சட்டப்படி அது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் அங்கே ஒரு செங்கல்லையாவது தூக்கிக் கொண்டு ஓடி வர ஒருவரும் இல்லை.

இதில் யாரையும் கை நீட்டிக் குற்றம் சொல்ல நான் இங்கு வரவில்லை. ஏனென்றால் நானும் அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவன். சிறுவனாக இருந்தபோது பால்மர நிரையில் பெரிய பெரிய பழைய செங்கற்கள் கிடக்கும். நம்மவர்கள் சிலர் அதை எடுத்து வந்து சாமி மேடைக்கு அடுக்கினார்கள். நானும் இரண்டு சுமந்தேன். அது எந்தக் காலத்துச் செங்கல் என்று ஒருவரும் கேட்கவில்லை. குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயர் 1936, 37இல் மனைவியோடு வந்து இந்த இடங்களைத் தோண்டி எண் போட்டுவிட்டுப் போனார் என்பதை நான் ஆசிரியர் பயிற்சியின் போதுதான் படித்தேன்.

இப்போது அந்தத் தோட்டமும் இல்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடுகள் வந்தன. லயம் இடிந்தது. சுடுகாடு எங்கே இருந்தது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஆயாக் கொட்டகை இருந்த இடத்தில் பெட்ரோல் நிலையம். எங்கள் தமிழ்ப்பள்ளிப் பதிவேட்டைக் கரையான் தின்றது போக மிச்சத்தை ஒரு பழைய மாணவர் எடுத்து வைத்திருக்கிறார். டென்மார்க் தேசிய அருங்காட்சியகம் 2004இல் தரங்கம்பாடிக்கென்றே ஓர் ஆய்வுத் திட்டம் தொடங்கி, பழைய ஆளுநர் மாளிகையைப் புதுப்பிக்க உதவியது. விற்றுவிட்டுப் போய் நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் ஆகியும் திரும்பி வந்து பார்த்தார்கள். அதே 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை தரங்கம்பாடிக் கரையை அடித்தது. 1306இல் பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியை அதற்கு முன்பே கடல் தின்றிருந்தது. கடல் தின்பதைத் தடுக்க முடியாது என்று வைத்துக் கொண்டாலும், காகிதத்தைக் கரையான் தின்பதைத் தடுக்கலாம்.

நேரம் முடிந்துவிட்டது என்று அவைத் தலைவர் சைகை காட்டுகிறார். ஒரே ஒரு வேண்டுகோள். பீடோங், சுங்கை பட்டாணி, கூலிம், பாடாங் செராய் பக்கத்தில் தோட்டத்தில் இருந்த குடும்பங்களில் பழைய செக்ரோல் புத்தகம், சம்பளச் சீட்டு, கப்பல் டிக்கெட், சிவப்பு அடையாள அட்டை, பள்ளிக்கூடப் படம், கோயில் திருவிழா நோட்டீஸ் எது இருந்தாலும் தூக்கிப் போட வேண்டாம். எங்களிடம் கொடுக்க வேண்டும் என்று கேட்கவில்லை. உங்களிடமே இருக்கட்டும். ஒரு படம் எடுத்து, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று பின்னால் பென்சிலால் எழுதி வையுங்கள். பேனாவால் எழுதினால் மை ஊறிவிடும். என் தாத்தாவின் ஒரே படத்தில் அப்படித்தான் அவர் கிராமத்தின் பெயர் அழிந்து போயிற்று.